ஒரு ஊர் நினைத்தால் தன் மழையைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா?

புதுவெள்ளம் (கேள்வி):

"மரத்தையெல்லாம் வெட்டினார்கள், ஏரியைத் தூர்த்தார்கள், பிறகு எங்கிருந்து மழை வரும்?" என்று எந்த ஊரிலும் காதில் விழும். இதன் மறுபக்கம்தான் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்". ஊர் எல்லைக்குள் மனிதர் செய்வது அதே ஊரில் பெய்யும் மழையை மாற்றிவிடும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை நம்பிக்கை.

பேச வசதியாக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 25 சதுர கி.மீ. அதில் 100 ஹெக்டேர் ஏரி. 50 ஹெக்டேரில் புதிதாக மரம் நடப் போகிறார்கள். ஆண்டு மழையில் அளக்கக்கூடிய மாற்றம் வருமா? வராது என்றால், எந்த அளவுக்குப் போனால் வரத் தொடங்கும்? சூளைப் புகை, ஆலைப் புகை மழையைக் கெடுக்கிறது என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை? பழைய மழைப் பதிவேடு கையில் இருந்தால் இதை எப்படிச் சோதிப்பது? "எல்லாம் இயற்கையின் கையில்" என்கிற ரகப் பதில் வேண்டாம், எண்ணோடு சொல்லுங்கள்.

ஈரக்காற்று:

ஏரிக் கணக்கை முதலில் போட்டுவிடலாம், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தலைக்கு மேலே உள்ள காற்றில் இருக்கும் நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் நிறுத்தினால், வெப்பமண்டல மழைக்காலத்தில் 40 முதல் 60 மி.மீ. உயரம் நிற்கும். குறைந்தபட்சமாக 40 என்றே எடுப்போம், அதாவது சதுர மீட்டருக்கு 40 கிலோ. காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. உங்கள் ஊர் 5 கி.மீ. அகலம். 40 × 5 × 5,000 என்றால் 10 லட்சம் கிலோ. ஒவ்வொரு வினாடியும் 1,000 டன் நீராவி ஊரின் மேலே கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

இனி ஏரி. 100 ஹெக்டேரில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால் 5,000 டன். 50 ஹெக்டேர் மரம் நாளுக்கு 4 மி.மீ. வெளியேற்றினால் 2,000 டன். அந்த இடத்தில் முன்பு புல்லோ பயிரோ இருந்து அதுவும் ஆவியை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், அதைக் கழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து 7,000 டன். ஊரின் ஒரு முழு நாள் உழைப்பு, மேலே 7 வினாடியில் கடந்துபோகும் ஈரத்துக்குச் சமம். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

அந்த 7,000 டன்னும் உங்கள் ஊரிலேயே இறங்கப் போவதுமில்லை. ஆவியான நீர் மழையாகத் திரும்பச் சராசரியாக 8 முதல் 10 நாள் ஆகிறது. அதே 5 மீட்டர் வேகத்தில் 9 நாள் நேராகப் போனால் கிட்டத்தட்ட 3,900 கி.மீ. உலகச் சராசரியில் 500 கி.மீ. நீளமுள்ள ஒரு நிலப்பரப்பை எடுத்தால்கூட, அங்கே பெய்யும் மழையில் அதே பரப்பிலிருந்து ஆவியானது சுமார் 10 சதவீதம்தான்.

அப்படியானால் "காடு மழையைத் தரும்" என்பது பொய்யா என்றால், இல்லை. அளவு வேறு. அமேசான் படுகையில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு காடே திரும்ப மேலே அனுப்பிய நீர் என்பதை 1970களிலேயே ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்) அளவீடுகளை வைத்துக் காட்டினார்கள். வெப்பமண்டல நிலத்தின் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில், முந்தைய சில நாட்கள் அடர்ந்த பசுமையின் மேல் வந்த காற்று, பசுமை குறைந்த நிலத்தின் மேல் வந்த காற்றைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு மழை தருகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. 2023இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு இன்னும் நறுக்கென்று ஓர் எண்ணைத் தந்தது: 200 கி.மீ. அளவுள்ள கட்டத்தில் காட்டுப் பரப்பு 1 சதவீதப் புள்ளி குறைந்தால் மழை மாதத்துக்கு 0.25 மி.மீ. குறைகிறது.

அந்த 1 புள்ளி எவ்வளவு தெரியுமா? 200 × 200 என்றால் 40,000 சதுர கி.மீ., அதில் ஒரு சதவீதம் 400 சதுர கி.மீ. காடு. உங்கள் 50 ஹெக்டேர் அதில் 800இல் ஒரு பங்கு. நேர்விகிதமாகச் சுருக்குவது முறைப்படி சரியில்லை; பரிமாணம் புரிய மட்டும் சுருக்கிப் பார்த்தால் மாதத்துக்கு 0.0003 மி.மீ. எந்த மழைமானியிலும் இது தெரியாது.

இன்னொன்று, இது பலருக்குப் பிடிக்காது. காட்டின் நடுவே சில கி.மீ. அகலத்துக்கு மட்டும் வெட்டினால் அந்த வெட்டவெளிக்கு மேல் மேகம் சில சமயம் கூடவே செய்யும். பக்கத்துக் காட்டைவிட வெட்டவெளி சூடாகிறது, சூடான காற்று மேலே எழுகிறது, சுற்றியுள்ள காட்டின் ஈரக்காற்று அங்கே இழுக்கப்படுகிறது. பிரேசிலின் ரொண்டோனியாவில் இதைப் பார்த்தார்கள். வெட்டு இன்னும் பரவிய பிறகு ஆட்டம் மாறியது: காற்று நுழையும் பக்கத்தில் மழை குறைந்து, காற்று வெளியேறும் பக்கத்தில் கூடியது. ஆக "வெட்டினால் குறையும்" என்பதுகூட எந்த இடத்தில், எத்தனை கி.மீ. என்று சொன்னால்தான் அர்த்தமுள்ள வாக்கியம்.

ஏரியும் அப்படித்தான். பகலில் நீர்ப்பரப்பு தரையைவிடக் குளிர்ச்சி. எனவே அதன் மேலே காற்று எழாது, மேகமும் கட்டாது. பெரிய ஏரிகளின் செயற்கைக்கோள் படத்தில் மதிய நேரத்தில் சுற்றிலும் மேகக்கூட்டமும் ஏரிக்கு மேல் மட்டும் வெறும் வானமும் இருப்பதைக் காணலாம்.

ஊர் அளவில் மரத்தால் காற்றிலிருந்து உண்மையிலேயே கூடுதல் தண்ணீர் கிடைக்கிற ஒரே இடம், மூடுபனி தவழும் மலைமுகடும் கடலோரச் சரிவும். இலைகளில் பனித்துளி ஒட்டித் திரண்டு சொட்டும். கலிபோர்னியாவின் ரெட்வுட் என்னும் உயரமான ஊசியிலை மரக் காடுகளில் ஆண்டு நீர்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டுவதாக அளந்திருக்கிறார்கள். மரம் போனால் அந்த நீரும் போச்சு. ஆனால் இது மழை கணக்கில் வராது, வெட்டவெளியில் வைத்த மானியில் பதிவாகவும் செய்யாது.

நேர்கோடு:

கணக்கெல்லாம் சரி. மலைக்காட்டில் மழை கொட்டுகிறது, அடிவாரப் பொட்டலில் தூறல்கூட இல்லை. இது கண்கூடு. காடு மழையை இழுக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஈரக்காற்று:

அங்கே இழுப்பது மலை. ஈரக்காற்று சரிவில் 1,000 மீட்டர் ஏறினால் 6 முதல் 10 டிகிரி வரை குளிர்கிறது, நீராவி ஒடுங்கிப் பெய்கிறது. மழை அதிகம் என்பதால் அங்கே காடு வளர்ந்தது. காற்று இறங்கும் மறுபக்கச் சரிவையும் பாருங்கள், அதே உயரம், பல இடங்களில் மழை பாதிகூட இருக்காது. காட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. காடு உள்ள மலையையும் காடில்லாத சமவெளியையும் ஒப்பிட்டு அந்தப் பங்கைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

தாழ்மேகம்:

நகரத்தையும் புகையையும் நான் எடுத்துக்கொள்கிறேன். "மனிதரால் உள்ளூர் மழை மாறும்" என்பதற்கு வலுவான ஆதாரம் நகரங்களில்தான் இருக்கிறது.

1971 முதல் 1975 வரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சுற்றி மழைமானிகளை நெருக்கமாக வைத்து, ரேடாரோடு ஐந்து கோடைகள் அளந்தார்கள். நகரின் மேலும், காற்று போகும் திசையில் 50 முதல் 75 கி.மீ. வரையிலும் கோடை மழை 5 முதல் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பல நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த கட்டுரையின்படி காற்றுப் போக்கில் சராசரியாக 18 சதவீதமும் நகரின் மேலே 16 சதவீதமும் கூடுதல். கவனியுங்கள், அதிகப் பலன் நகருக்கு இல்லை, நகர மையத்திலிருந்து காற்றுப் போக்கில் 20 முதல் 50 கி.மீ. தள்ளியிருக்கும் ஊர்களுக்கு.

காரணம் மூன்று. கான்கிரீட்டும் தாரும் சூடாகி மேலெழும் காற்றை வலுப்படுத்துகின்றன. உயரக் கட்டடங்கள் காற்றின் வேகத்தைக் குறைப்பதால் பின்னால் வரும் காற்று குவிந்து மேலே ஏறுகிறது. மூன்றாவது, புகைத் துகள். காற்று பலமாக வீசும் நாட்களில் இடிமேகம் நகரை மோதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் போய்விடுவதும் உண்டு, அன்றைக்கு நகரின் நடுவில் மழை குறையும். இதெல்லாம் பத்துப் பதினைந்து கி.மீ.க்கு மேல் பரந்த நகரங்களின் கதை. 25 சதுர கி.மீ. ஊர் முழுவதும் கான்கிரீட் போட்டாலும் இரவு வெக்கை கூடும், மழைக்காற்றைத் திருப்புகிற சுழற்சி உருவாகாது. தரையின் ஒரு துண்டு தனக்கென்று காற்றோட்டத்தை உண்டாக்க அது சுமார் 10 கி.மீ.யாவது அகலமாக இருக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதுவும் போதாது.

இனி புகை. மேகத்துளி சுமார் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரம், மழைத்துளி 1 மி.மீ. ஆரம். ஒரு மழைத்துளிக்கு 10 லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். சுத்தமான கடற்காற்றில் ஒரு கன செ.மீ.க்கு 50 முதல் 100 ஒடுக்கக் கருக்கள் (நீராவி ஒட்டித் துளியாகும் நுண்துகள்கள்) இருக்கும்; புகை மண்டிய காற்றில் 1,000ஐத் தாண்டும். அதே அளவு நீர் பத்து மடங்கு துளிகளுக்குப் பங்கு போடப்படுவதால் ஒவ்வொன்றும் பொடிப்பொடியாக நின்றுவிடும். மேகத்துளிகள் ஏறத்தாழ 14 மைக்ரானைத் தொட்டால்தான் மோதி இணைவது சூடுபிடிக்கும். தொடாவிட்டால் மேகம் நிற்கும், பெய்யாது, கலைந்துவிடும். இந்தோனேசியக் காட்டுத் தீப் புகையில் இப்படி மழை அடைபட்டதை 1999இலும், ஆஸ்திரேலிய ஆலைப் புகைத் தடங்களில் 2000த்திலும் செயற்கைக்கோள் வழியாகக் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஆக, புகை மழையைக் கெடுக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது தாழ்வான, உறைநிலைக்குக் கீழே போகாத மேகத்துக்குத்தான் பொருந்தும். உயரமான இடிமேகத்தில் பெய்யாமல் தங்கிய நீர் மேலே போய் உறைகிறது. உறையும்போது வெப்பத்தை விடுகிறது. மேகம் இன்னும் வலுக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் நெருக்கடியான கப்பல் தடங்களுக்கு நேர் மேலே மின்னல் கிட்டத்தட்ட இரு மடங்கு விழுவதை 2017இல் கண்டறிந்தார்கள். அதே புகை ஒரு மேகத்தை மலடாக்கும், இன்னொன்றை மூர்க்கமாக்கும்.

தனி ஒரு சூளையின் புகையால் ஆண்டு மழை மாறும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சில கி.மீ.க்குள் அது கலைந்து பொதுக் காற்றோடு சேர்ந்துவிடும். ஆயிரம் சூளை ஒரு சமவெளி முழுவதும் எரிந்தால் அது வட்டார அளவுப் பிரச்சினை, அப்போது பேசலாம். குளிர்நாட்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு: பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் மேகத்துக்குள் உலோக ஆலை, சிமென்ட் ஆலைகளின் துகள் நுழைந்தால் மேகம் உறைந்து, ஆலையின் காற்றுப் போக்கில் மட்டும் ஒரு கோடாகப் பனி பெய்கிறது. 2024இல் இதைச் செயற்கைக்கோள் படங்களில் காட்டினார்கள். ஓர் ஆலை உள்ளூரில் மழைப்பொழிவை உண்டாக்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இறங்குவது சொற்பம்.

பாசனத்தையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஒகல்லாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து நீரை எடுத்துப் பாய்ச்சத் தொடங்கிய பிறகு ஜூலை மழை 15 முதல் 30 சதவீதம் கூடியதாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. எங்கே? பாய்ச்சிய வயலில் அல்ல. அந்த நீர்ப்படுகையின் கிழக்கு விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இண்டியானா மாநிலம் வரை. ஈரமான வயல் குளிர்ந்திருப்பதால் அதன் மேலேயே மேகம் எழுவது குறைவு. அதே சமவெளியில் 19ஆம் நூற்றாண்டில் "ஏர் போகிற இடத்துக்கு மழை வரும்" என்று நம்பிக் குடியேறியவர்களை 1890களின் வறட்சி விரட்டியடித்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். உழுததால் மழை வந்ததாக அவர்கள் நினைத்தது, தற்செயலாக அமைந்த சில ஈரமான ஆண்டுகளைத்தான்.

புதுவெள்ளம்:

நன்றி. மேக விதைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஊரே பணம் போட்டுச் செய்தால்?

தாழ்மேகம்:

விதைப்பு மேகத்தை உண்டாக்காது. பெய்யத் தயங்கும் மேகத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவே. இதற்காக மேகத்தில் தூவும் சில்வர் அயோடைடு வேலை செய்ய மேகத்துக்குள் −5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த திரவ நீர் இருக்க வேண்டும். சூடான மேகத்துக்கு உப்புத் துகள் தூவும் முறை உண்டு, அதில் ஆதாரம் இன்னும் மெலிவு. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் விமானம் தூவிய கோடு ரேடாரில் அப்படியே பனிக்கோடாகத் தெரிந்தது. விதைத்ததால்தான் பெய்தது என்று சந்தேகமில்லாமல் காட்டிய அரிய தருணம் அது. தரையில் சேர்ந்த நீரோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வறட்சியில் வானத்தில் தகுந்த மேகமே இருக்காது என்பதால், தேவைப்படும் நேரத்தில்தான் இது கைவிடும். வெடி வைத்து மழை வரவழைப்பதெல்லாம் 1891இலேயே டெக்சாஸில் அரசுப் பணத்தில் முயன்று பார்த்துக் கைவிட்ட விஷயம்.

மழைமானி:

பதிவேட்டை வைத்து எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான "மழை குறைந்துவிட்டது" வாதங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

முதலில் மானியையே சந்தேகப்படுங்கள். மானி வாய்க்கு மேல் ஒரு மரமோ சுவரோ எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு என்றால் நல்லது. முப்பது ஆண்டுக்கு முன் நட்ட கன்று இன்று 12 மீட்டர் மரமாகி 8 மீட்டர் தொலைவில் நின்றால், சாய்வாக வரும் மழையை அது மறைக்கிறது. மரம் வளர வளரப் பதிவில் மழை குறைந்துகொண்டே போகும்! இதன் எதிர்முனையும் உண்டு. மொட்டைமாடிக்கு மாற்றிய மானியில் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போவதால் அளவு குறைத்துக் காட்டும். இடமாற்றம், மானி மாற்றம், பதிவாளர் மாற்றம் மூன்றின் தேதியையும் பதிவேட்டின் ஓரத்தில் குறித்த பிறகே மேலே போங்கள்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லா போர்ட் ஒரு பாடம். சிகாகோ உருக்காலைகளுக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ.யில் உள்ள ஊர். 1951–65 காலத்தில் சுற்றியுள்ள நிலையங்களைவிட 31 சதவீதம் அதிக மழை, 38 சதவீதம் அதிக இடிமழை நாட்கள், 246 சதவீதம் அதிக ஆலங்கட்டி நாட்கள் என்று 1968இல் கட்டுரை வந்தது. ஆலைப் புகைதான் காரணம் என்றது ஒரு தரப்பு; பதிவாளர் அளந்த விதத்தில் கோளாறு என்றது இன்னொரு தரப்பு. பிற்பாடு அந்த வேறுபாடே மங்கிப்போனது. செயின்ட் லூயிஸில் அத்தனை மானிகளை வைத்து அளக்க நேர்ந்ததற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

அடுத்தது, இயல்பான ஏற்ற இறக்கம். பருவமழைப் பகுதிகளில் ஆண்டு மழை சராசரியிலிருந்து 25 சதவீதம் மேலும் கீழும் ஆடுவது சாதாரணம். மரம் வெட்டுவதற்கு முன் 30 ஆண்டு, பின் 30 ஆண்டு என்று இரண்டு சராசரிகளை எடுத்தால், அவற்றின் வித்தியாசத்தில் உள்ள பிழை 0.25 × √(2/30), அதாவது 6.5 சதவீதம். இதைப்போல் இரு மடங்கு, 13 சதவீதம், தாண்டினால்தான் வித்தியாசம் உண்மை என்று சொல்லலாம். 60 ஆண்டுப் பதிவு இருந்தும் 10 சதவீத மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து ஆண்டைப் பார்த்துவிட்டுப் பேசுவோரை என்ன சொல்ல!

இதைச் சமாளிக்க அக்கம்பக்க நிலையங்களின் உதவி வேண்டும். 20 முதல் 60 கி.மீ.க்குள், அதே உயரத்தில், இடம் மாறாத ஐந்தாறு நிலையங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் சராசரியைக் கூட்டிக்கொண்டே போய்க் கிடையச்சில் குறியுங்கள். உங்கள் ஊர் மழையையும் அதேபோல் கூட்டிச் செங்குத்தச்சில் குறியுங்கள். மாற்றமில்லை என்றால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் போகும். எந்த ஆண்டில் கோடு மடிகிறதோ அந்த ஆண்டுதான் துப்பு. மடிப்பு மானி இடம் மாறிய ஆண்டோடு பொருந்தினால் விஷயம் அங்கேயே முடிந்தது. மரம் வெட்டிய ஆண்டோடு பொருந்தி, மடிப்புக்குப் பின் குறைந்தது ஐந்தாறு புள்ளிகள் புதுச் சரிவிலேயே நின்றால் மேற்கொண்டு தோண்டலாம். ஒன்றிரண்டு புள்ளி விலகுவது எல்லாக் கோட்டிலும் வரும். பொது வறட்சி வந்தால் எல்லா நிலையமும் சேர்ந்து குறையும், கோடு மடியாது. இந்த முறையின் அழகே அதுதான்.

மூன்றாவது, மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2.5 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்களை எண்ணுங்கள், ஒரு நாள் உச்சத்தையும் தனியே எழுதுங்கள். 800 மி.மீ. 50 நாளில் பெய்ததற்கும் 30 நாளில் பெய்ததற்கும் மொத்தத்தில் வித்தியாசமில்லை. கிணற்றில் இருக்கும். "மழை குறைந்துவிட்டது" என்று மக்கள் சொல்லும்போது பல இடங்களில் குறைந்திருப்பது மழை நாட்களும் மண்ணுக்குள் இறங்கும் நீரும்தான். ஏரியைத் தூர்த்தது அந்த இரண்டாவதைக் குறைக்கும்; மரத்தை வெட்டியதும் பல இடங்களில் குறைக்கலாம். மக்கள் கண்டது சரி, காரணம் வானத்தில் இல்லை.

புதுவெள்ளம்:

அப்போது அந்த 50 ஹெக்டேர் மரம்? நிலத்தடி நீருக்காவது உதவுமா?

ஈரக்காற்று:

எப்படி நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகெங்கும் புதுத் தோப்புகளைத் தொகுத்துப் பார்த்த 2005 ஆய்வில் ஓடைநீர் சராசரியாக ஆண்டுக்கு 227 மி.மீ., அதாவது 52 சதவீதம் குறைந்தது. 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முழுதும் வற்றின. வேகமாக வளரும் ஒரே இன மரத்தை நெருக்கி நட்டால் இதுதான் கதி. மாறாக, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாஸோவில் இடைவெளி விட்டு மரங்கள் நின்ற நிலத்தில், மரமே இல்லாத இடத்தைவிடவும் அடர்த்தியான இடத்தைவிடவும் அதிக நீர் கீழே இறங்குவதை 2016இல் காட்டினார்கள். வேரும் மண்புழுவும் கறையானும் மண்ணைத் துளைத்துவிடுவதால் இறங்கும் நீர், அந்தச் சில மரங்கள் குடிப்பதைவிட அதிகம்.

ஆகவே ஏரிக்கு நீர் வரும் சரிவில் பரவலாக நடுங்கள். மரங்களுக்கு நடுவே நல்ல வெட்டவெளி இருக்கும்படி இடைவெளி விடுங்கள், உதிரும் இலையைக் கூட்டி எரிக்காதீர்கள், முதல் சில ஆண்டு ஆடு மாடு மிதித்து மண் இறுகாமல் பாருங்கள். நடுவதற்கு முன்பே நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், கிணற்று விளிம்பில் குறித்து வைத்த ஒரே புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். பக்கத்தில் மரம் நடாத சரிவில் இரண்டு கிணறுகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.